ஜியோகேச்சிங்கும் இடம் குறிக்கும் மரபும்: குச்சனூர், கம்பம் பள்ளத்தாக்கு

ஜியோகேச்சிங் என்பது ஒருவர் ஒளித்து வைத்த சிறு பெட்டியை, அது இருக்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை மட்டும் கொண்டு மற்றொருவர் தேடிக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்கு ஆகும். பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு சிறிய குறிப்பேடு இருக்கும். கண்டவர் அதில் தம் பெயரையும் நாளையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பரிசு கிடையாது, போட்டியும் கட்டாயமில்லை. போகாத ஊருக்குப் போவதும் பார்க்காததைப் பார்ப்பதுமே இதன் இன்பம்.

இப்பொழுதுபோக்கு பிறந்தது 2000ஆம் ஆண்டு, அமெரிக்காவில். ஆனால் ஒரு பொருளை ஓரிடத்தில் நிறுத்தி, அந்த இடத்தைப் பிறர் மறக்காதபடி குறித்து வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தேனி மாவட்டத்தில் குச்சனூரைச் சுற்றியுள்ள கம்பம் பள்ளத்தாக்கு, இந்த வழக்கத்தின் பல காலத்துத் தடயங்களை ஒரே நிலப்பரப்பில் காட்டுகிறது. இக்கட்டுரை ஜியோகேச்சிங்கின் வரலாற்றையும், அதற்கு இப்பள்ளத்தாக்கில் உள்ள இடத்தையும் விளக்குகிறது.

தோற்றம்

ஜி.பி.எஸ். எனப்படும் செயற்கைக்கோள் இடங்காட்டி முறை அமெரிக்கப் படைத்துறைக்காக உருவானது. பொதுமக்கள் பயன்படுத்தும் கருவிகளுக்கு வரும் அலைகளில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் சாதாரணக் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை விலகிப் போகலாம். 2000 மே முதல் நாள் நள்ளிரவில், அன்றைய அதிபர் பில் கிளிண்டனின் ஆணைப்படி இந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகெங்கும் உள்ள கருவிகளின் துல்லியம் ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்தது. ஒரு தோப்பைக் காட்டிக்கொண்டிருந்த கருவி, அதன்பின் அத்தோப்பில் உள்ள ஒரு மரத்தையே காட்டியது எனலாம்.

இந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பியவர் டேவ் அல்மர் என்னும் கணினி வல்லுநர். மே 3ஆம் நாள் அவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகில் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் பாதி மண்ணில் மறையும்படி வைத்து, அதன் ஆயத்தொலை எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் புத்தகங்கள், ஒளிநாடாக்கள், ஒரு கவண், ஒரு டப்பா அவரை ஆகியவை இருந்தன. ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, வந்ததைக் குறிப்பேட்டில் எழுது என்பதே அவர் சொன்ன விதி. மைக் டீக் என்பவர் சில நாள்களிலேயே அதைக் கண்டுபிடித்தார். அதே மாத இறுதியில் மாட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரை முன்மொழிந்தார். 'ஜியோ' என்பது புவி. 'கேச்' என்பது ஒளித்து வைத்த சேமிப்பு. செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது உலகில் இருந்த பெட்டிகள் 75 மட்டுமே. இன்று அவற்றின் எண்ணிக்கை 30 இலட்சத்துக்கும் மேல். 2008இல் ரிச்சர்ட் கேரியட் என்னும் விண்வெளிப் பயணி பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் ஒன்றை வைத்தார்.

கருவி புதியது என்றாலும் விளையாட்டு பழையது. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, எளிதில் போக முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். அங்கு வரை நடந்து வந்தவர்கள் தம் பெயரட்டையை அதில் போட்டுச் சென்றனர். 'லெட்டர்பாக்ஸிங்' என்ற பெயரில் அந்தப் பொழுதுபோக்கு இன்றும் நடக்கிறது.

தமிழ்ச் சிறுவர்களின் கிச்சுக் கிச்சுத் தாம்பாளமும் இந்த வகைதான். நீளமாகக் குவித்த மணலில் ஒரு சிறு குச்சியை மறைத்து வைப்பார்கள். எதிரில் இருப்பவர் இரு கைகளையும் கோத்து, குச்சி இருப்பதாகத் தாம் எண்ணும் இடத்தைப் பொத்த வேண்டும். தோற்றவர் கைநிறைய மணலோடு, கண்ணைப் பொத்தியபடி, தெருவில் இங்குமங்கும் நடத்திச் செல்லப்படுவார். ஓரிடத்தில் அந்த மணலைக் கொட்டச் செய்து, சுற்றிச் சுற்றித் திரும்ப அழைத்து வந்து, கண்ணைத் திறந்துவிட்டு, 'கொட்டிய இடம் எது?' என்பார்கள். காலடி எண்ணிக்கை, காலில் பட்ட வெயில், மாட்டுக்கொட்டிலின் வாடை, திரும்பிய திருப்பங்கள் ஆகியவையே அப்போது அவருக்குக் கருவிகள். செயற்கைக்கோள் இல்லாத ஜியோகேச்சிங் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

எண்களின் பொருள்

அகலாங்கு, நெட்டாங்கு என்பவை பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் பாடம். ஒரு பெட்டியைத் தேடப் புறப்படும்போதுதான் அவற்றுக்குப் பொருள் வருகிறது.

குச்சனூர் ஏறத்தாழ வட அகலாங்கு 9° 53′, கிழக்கு நெட்டாங்கு 77° 23′ என்ற இடத்தில் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கலை. அகலாங்கில் ஒரு கலை என்பது தரையில் ஏறத்தாழ 1.85 கி.மீ. ஆகவே கலை வரை மட்டும் சொன்னால் ஏறத்தாழ மூன்றரைச் சதுர கி.மீ. பரப்பைச் சொன்னதாகும், ஊர், வயல், வாய்க்கால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கலையைப் பத்தாகப் பிரித்தால் 185 மீட்டர். ஒரு தெருவின் நீளம். நூறாகப் பிரித்தால் 18.5 மீட்டர், ஒரு வீட்டு மனையின் அளவு. ஆயிரமாகப் பிரித்தால் 1.85 மீட்டர், ஓர் ஆள் உயரம். ஜியோகேச்சிங் எண்கள் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதப்படுவது இதனால்தான். கைபேசியில் வரும் எண்ணில் சில மீட்டர் பிழை இருக்கும். மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் மலைச்சரிவின் ஓரத்திலும் பிழை கூடும். எண் கொண்டுபோய் விடும் கடைசிப் பத்து மீட்டரைக் கண்ணும் கையும்தான் கடக்க வேண்டும்.

இதே ஆர்வத்தில் 1996இல் அலெக்ஸ் ஜாரெட் என்னும் அமெரிக்கர் வேறொரு முயற்சியைத் தொடங்கினார். முழுப் பாகைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் மனிதர் நேரில் சென்று படம் எடுத்துப் பதிவு செய்வதே அத்திட்டம். அங்கே பெட்டி எதுவும் இல்லை. எண் மட்டுமே இலக்கு. குச்சனூருக்கு இருபுறமும் அத்தகைய புள்ளிகள் உள்ளன. மேற்கே, மலைக்கு அப்பால், 10° வடக்கும் 77° கிழக்கும் சந்திக்கும் புள்ளி இடுக்கி மாவட்டத்தில் அடிமாலிக்கு அருகில் விழுகிறது. கிழக்கே 10° வடக்கும் 78° கிழக்கும் சந்திக்கும் புள்ளி மதுரை மாவட்டத்தில் சோழவந்தானுக்கு அருகில் விழுகிறது. இந்த 78° கோட்டுக்குத் தனி வரலாறு ஒன்று உண்டு. அதற்கு முன், தமிழ் மண்ணில் இடத்தை எப்படிக் குறித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

கல்லும் கள்ளியும்

செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் ஒரு நிலத்தைத் தானமாகக் கொடுக்கும்போது அதன் நான்கு எல்லைகளும் விரிவாகச் சொல்லப்படும். இந்த வாய்க்காலுக்குத் தெற்கு, அந்தக் குளக்கரைக்கு மேற்கு, இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு என்று கிழக்கெல்லை தொடங்கி வடவெல்லை வரை வரிசையாகச் செல்லும். புற்று, புளியமரம், பாறை, ஓடை எல்லாம் அதில் வரும். எல்லையைச் சொல்லால் குறித்ததோடு நில்லாமல், அதிகாரிகளும் ஊராரும் கூடி, ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்திச் சென்று, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நாட்டினர். 'பிடி சூழ்தல்' என்பது இதற்குப் பெயர். யானை நடந்ததை ஊரே பார்த்திருக்கும். கல் பெயர்ந்தாலும் கள்ளி வேலி நிற்கும். கள்ளி பட்டாலும் பார்த்தவர்களின் நினைவு நிற்கும். ஒரே செய்தியை மூன்று இடங்களில் பதிந்து வைத்த ஏற்பாடு அது.

குச்சனூருக்குத் தெற்கே சில கி.மீ. தொலைவில் உள்ள சின்னமனூர், இத்தகைய ஆவணத்துக்காகவே வரலாற்றில் பெயர் பெற்ற ஊர். பாண்டியர் காலச் சின்னமனூர்ச் செப்பேடுகள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. பெரிய தொகுதி மூன்றாம் இராசசிம்மன் காலத்தது. மகாபாரதம் தமிழில் ஆக்கப்பட்டதும் மதுரையில் சங்கம் வைத்ததும் அதில் பாண்டியர் புகழாகச் சொல்லப்படுவதால் இலக்கிய வரலாற்றில் அதை அறியாதவர் குறைவு. ஆனால் அச்செப்பேடு வெட்டப்பட்டதன் நோக்கம் இலக்கிய வரலாறு சொல்வதன்று. நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரைத் தானமாக அளித்ததை உறுதி செய்வதே அதன் நோக்கம். ஓர் ஊரின் உரிமையைப் பதியப் போன இடத்தில், நமக்கு ஒரு சங்கத்தின் செய்தி கிடைத்தது.

பிடி சூழ்ந்த காலத்திலிருந்து முக்கோண அளவைக்கு வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அதன் முதுகெலும்பான பெருவில் 78° நெட்டாங்கை ஒட்டித் தெற்கு வடக்காக ஓடியது. மேலே சொன்ன சோழவந்தான் பக்கத்துக் கோடு அதுவே. முக்கோணத்தின் முனைகள் ஒன்றுக்கொன்று தெரியும்படி உயரத்தில் இருக்க வேண்டும். சமவெளியில் குன்றுகளுக்கு எங்கே போவது? லாம்டன் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தூக்கும்போது வடம் நழுவி, அரை டன் எடையுள்ள அளவைக் கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவரே பல வாரம் உட்கார்ந்து அதைச் சீர்செய்தார்.

கம்பம் பள்ளத்தாக்கை அடுத்த மலைநாட்டை 1816 முதல் 1820 வரை அளந்தவர்கள் வார்டும் கானரும். வார்டு மதுரை, திண்டுக்கல் பகுதிகளையும் அளந்து ஊர், குளம், கணவாய் என்று குறிப்பெழுதினார். 1895இல் நீரைக் கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணையும் அளவைப் பணியின் மேல் நின்றதே. மேற்கே பாயும் ஆற்றைச் சுரங்கம் வெட்டிக் கிழக்கே கொண்டுவர, மலையின் இரு பக்கத்து உயரமும் பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். பென்னிகுயிக்கின் உறுதியைப் பாராட்டும் நாம், ஏணியும் சங்கிலியும் சுமந்து காடு ஏறிய அளவைக் கூலிகளை நினைப்பதில்லை.

இன்று கிராமத்து வயல் மூலைகளில் நிற்கும் சர்வே கல், அந்த மரபின் கடைசிக் கண்ணி. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்கும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரப்போரப் புதரில் மறைந்த ஒரு சர்வே கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது ஜியோகேச்சிங்குக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. ஆனால் கல்லை அசைத்தல் 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி குற்றம்.

குச்சனூரைச் சுற்றி

குச்சனூர், உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள பேரூர். சுரபி நதிக்கரையில் அமைந்த சுயம்பு சனீசுவரர் கோயிலால் அறியப்படுவது. பெரும்பாலான கோயில்களில் நவகிரகங்களுள் ஒருவராக நிற்கும் சனி பகவானுக்கு இங்கே தனிக்கோயில் இருப்பதால், தமிழகமெங்கும் இருந்து மக்கள் வருகின்றனர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் கூட்டம் மிகும். வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் காக்கைக்குச் சோறு வைத்து, எள் விளக்கேற்றி, வந்த வண்டியிலேயே திரும்பிவிடுகின்றனர். கோயிலுக்கு அப்பால் ஐந்து கி.மீ. நடந்தால் என்ன இருக்கிறது என்பது அவர்கள் பயணத்தில் வருவதில்லை. ஜியோகேச்சிங் போன்ற பொழுதுபோக்கு மாற்றக்கூடியது இதைத்தான்: புகழ் பெற்ற ஒரு புள்ளிக்கும் அடுத்த புகழ் பெற்ற புள்ளிக்கும் இடையில் உள்ள நிலத்தைப் பார்க்க வைக்கிறது.

அந்த இடைநிலம் வளமானது. முல்லையாற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் தென்னையும், தெற்கே செல்லச் செல்லத் திராட்சைப் பந்தல்களும் வருகின்றன. சின்னமனூரில் பூலாநந்தீசுவரர் கோயில் உள்ளது. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி பாறை என்று ஊரார் அழைக்கும் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. உடன் வட்டெழுத்துப் பொறிப்புகளும் உண்டு. அவற்றில் வரும் அச்சணந்தி என்னும் துறவியின் பெயரை மதுரையைச் சுற்றிய சமணக் குன்றுகளிலும் காணலாம். தாம் சென்ற இடங்களில் திருவுருவங்கள் செய்வித்துப் பெயர் பொறித்த அவருடைய பயணத் தடத்தை, இப்பெயரை மட்டும் பின்தொடர்ந்தே வரைபடத்தில் குறித்துவிடலாம். கருப்பணசாமியின் பெயரால் பாறை காக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. சமணம் மறைந்த பின்னும் கும்பிடும் வழக்கம் நின்றதால் பாறை கல்லுடைப்போர் கைக்குப் போகவில்லை.

சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் ஆங்காங்கே எஞ்சியுள்ளன. பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாற நிறுத்தப்பட்டவை அவை. தலைச்சுமை நடை போய்விட்டதால் அவற்றுக்கு வேலை போய்விட்டது. சாலை அகலமாகும்போது முதலில் பெயர்வதும் அவையே.

புலிமான்கோம்பைக் கல்

ஒரு பொருளின் இடத்தைக் குறித்து வைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு பெரிய சான்று உண்டு.

2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவர்கள், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில், வைகைப் பகுதியில் ஊர் ஊராகக் கள ஆய்வு செய்துவந்தனர். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் (புள்ளிமான்கோம்பை என்றும் எழுதுவர்) தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களை அவர்கள் கண்டுபிடித்தனர். கோம்பை என்பது இப்பக்கத்தில் மலையடிவாரப் பள்ளத்தைக் குறிக்கும் சொல். வேட்டை நாய்க்குப் பெயர் போன கோம்பையும் உத்தமபாளையத்துக்கு அருகில்தான் உள்ளது. இந்தியாவில் எழுத்துடன் கிடைத்த நடுகற்களில் மிகப் பழையவையாக இம்மூன்றும் கருதப்படுகின்றன. பொது ஆண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் கருத்து.

மூன்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பவனுடைய கல் இது என்று சொல்கிறது. ஆகோள் என்பது பகைவரின் ஆநிரையைக் கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் திணையில் பேசும் சொல் அது. நடுகல் நாட்டும் முறையையும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக அந்நூல் வகுக்கிறது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நிலை. இலக்கணத்தில் மட்டும் படித்துவந்த ஒரு சொல், உண்மையில் மாடு பிடிக்கப் போய் இறந்த ஒரு மனிதனின் பெயரோடு சேர்ந்து கல்லில் எழுந்து நின்றது. இதுவே புலிமான்கோம்பைக் கண்டுபிடிப்பின் சிறப்பு.

கல்லில் உள்ள கூடல் ஊரை, கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள இன்றைய கூடலூரோடு பொருத்துவோர் உண்டு. அவ்வாறாயின் சண்டை நடந்த ஊருக்கும் கல் நின்ற ஊருக்கும் நேர்கோட்டில் 50 கி.மீ.க்கும் மேல் இடைவெளி. மாடு கவர்ந்தவர்கள் மேய்ச்சல் நிலத்தினூடே எவ்வளவு தொலைவு போனார்கள், இறந்தவனின் நினைவை எந்த ஊர் உரிமை கொண்டாடியது, பள்ளத்தாக்கின் மேல்முனையும் வைகைச் சமவெளியும் எப்படித் தொடர்பு கொண்டிருந்தன என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் எழுகின்றன.

இந்தக் கேள்விகள் அனைத்தும் ஒரே ஒரு செய்தியைத் தொங்கிக்கொண்டிருக்கின்றன: கல் எங்கே கிடைத்தது என்பது தெரியும். அதே கல் ஒரு பழம்பொருள் வணிகரின் அறையில், எந்த ஊர் என்று தெரியாமல் கிடைத்திருந்தால், எழுத்து அப்படியே இருந்திருக்கும், படித்திருக்கவும் முடியும். ஆனால் கூடல் ஊர் எது என்று கேட்கக்கூட வழி இருந்திருக்காது. நடுகற்கள் பல துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் மேல் போட்ட பாலமாகவும் மாறியிருப்பதைத் தமிழகக் கள ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டுள்ளனர். அவற்றை எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை. ஒரு நல்ல தட்டைக் கல் கிடைத்தது, அவ்வளவே. கல் அழியவில்லை, இடம் அழிந்தது.

பெட்டி வேண்டுமா?

ஜியோகேச்சிங்கின் வழக்கமான வடிவம் இம்மாதிரி நிலத்துக்கு அப்படியே பொருந்தாது என்றே சொல்ல வேண்டும். பழைய கற்கள் உள்ள இடத்தில் பெட்டி வைத்தால் தேடி வருபவர் கற்களைப் புரட்டுவார். புதையல் உண்டு என்ற வதந்தி ஒன்று கிளம்பினால் போதும், இரவோடு இரவாகக் கடப்பாரை வந்துவிடும். கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் கேட்பாரற்ற டப்பா வேறு வகையில் ஆபத்து. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில் உணவகம் ஒன்றின் வெளியே ஒருவர் ஒளித்த சிறு பெட்டியை வெடிகுண்டு என்று ஐயுற்று, தெருவையே வெறுமையாக்கிப் படைத்துறையினர் அதை வெடிக்கச் செய்தனர். பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது, நில உடைமையாளரின் இசைவு வேண்டும் என்பன இன்று இவ்விளையாட்டின் அடிப்படை விதிகள். அல்மரின் பாதி புதைந்த வாளி இன்றைய விதிப்படி தள்ளுபடியாகிவிடும்.

பெட்டியே இல்லாத வடிவமும் உண்டு. 2004இல் அமெரிக்கப் புவியியல் கழகம் தொடங்கிய 'எர்த்கேச்' அத்தகையது. குறிப்பிட்ட இடத்துக்குச் சென்று, அங்கு நேரில் பார்த்தால் மட்டுமே விடை தெரியக்கூடிய கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். பாறையின் நிறம் என்ன, அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்துள்ளன, ஓடை எங்கே திரும்புகிறது என்பவை போன்ற கேள்விகள். எடுப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் நடுவே படுத்திருக்கும் இப்பள்ளத்தாக்கில், சுருளி அருவி தொடங்கிக் கேட்கத்தக்க கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. உத்தமபாளையம் பாறையில் எத்தனை உருவங்கள் அமர்ந்துள்ளன, எத்தனை நிற்கின்றன, எவற்றின் தலைக்குமேல் குடை உள்ளது என்று மூன்று கேள்வி கொடுத்தால், மாணவர் ஒருவர் அரைமணி நேரம் அந்தப் பாறையைக் கண்கொட்டாமல் பார்ப்பார். பாட நூலில் அந்தப் பாறைக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

சட்டமும் காடும்

கிராமப்புறத்தில் தேடிச் செல்வோர் அறிய வேண்டிய சட்டங்கள் சில. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு இன்று சிரிப்பூட்டலாம். அதன் விளைவு, மண்ணில் கிடைக்கும் ஏறத்தாழ எதுவும் சட்டத்துக்குள் வந்துவிடும் என்பது. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாகவும் வைத்துள்ளன. தடை செய்யப்பட்ட பகுதியில் தோண்டவோ கட்டவோ கூடாது; கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் அதற்கு முன் அனுமதி வேண்டும். வரைபடங்களைப் பொறுத்தவரை நிலைமை எளிதாகியுள்ளது. 2021 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள், இந்தியர்கள் நிலப்படத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் முன்னர் இருந்த பல அனுமதித் தேவைகளை நீக்கின.

காடு வேறு. பள்ளத்தாக்கின் கிழக்கே உள்ள மேகமலைக் காடுகள் 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அங்கே வனத்துறை அனுமதியின்றி நுழைய முடியாது. இந்தக் கட்டுப்பாட்டை வெறும் அலுவலகத் தொல்லையாக எண்ணுபவர்கள் 2018 மார்ச் 11ஐ நினைவில் கொள்ள வேண்டும். போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள். காய்ந்த புல்வெளியில் தீயும் காற்றும் சேர்ந்து வந்தபோது எந்தப் பக்கம் இறங்குவது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கையில் இருக்கும் கருவி, நிற்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லும். காற்று எந்தப் பக்கம் திரும்பும், மார்ச்சில் எந்தப் புல் எரியும், எந்த ஓடை வழி கீழே இறங்கலாம் என்பதை அது சொல்லாது; அது உள்ளூர்க்காரருக்கும் வனக்காவலருக்கும் தெரியும். அந்த விபத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் 40 பாதைகளை, முன்பதிவும் வழிகாட்டியும் உண்டு என்ற ஏற்பாட்டோடு திறந்துவிட்டது.

தரையில் இருப்பதைப் பதிதல்

கம்பம் பள்ளத்தாக்கில் இப்பொழுதுபோக்கை மேற்கொள்ளும் மாணவர் குழுவுக்குச் செலவு பெரிதில்லை. கைபேசி, ஓர் அளவு நாடா, ஒரு குறிப்பேடு போதும். ஒரு கல்லைக் கண்டால் முதலில் எண்ணைக் குறிக்க வேண்டும். அடுத்து அது எந்தத் திசை நோக்கி நிற்கிறது, எத்தனை செ.மீ. உயரம், பக்கத்தில் குளமா பாதையா, ஊரார் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள், யார் எண்ணெய் சாற்றுகிறார்கள் என்று எழுத வேண்டும். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கலாம். கல்லின் மேல் சுண்ணாம்போ சாக்பீஸோ பூசி எழுத்தைத் தெளிவாக்கப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் வெயில் விழும் காலையிலோ மாலையிலோ போனால் எழுத்து தானே எழுந்து நிற்கும். எழுத்து இருப்பதாகத் தோன்றினால் மாநிலத் தொல்லியல் துறைக்கோ அருகில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்கலாம்.

ஊர்ப்பெரியவரிடம் கேட்கும்போது, "இங்கே புதையல் இருக்கா?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இந்தச் சாமிக்கு என்ன பேருங்கய்யா?" என்று தொடங்கினால் வரப்பு, வாய்க்கால், பழைய பாதை, பங்காளிச் சண்டை எல்லாம் வரும். சில நேரம், சாலை போட வந்தபோது பெயர்த்து வைத்த இன்னொரு கல் முன்பு எங்கே நின்றது என்பதையும் அவரே கைகாட்டுவார். அந்த இடத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.